103 சுற்று: ஆலன் குல்விக்கி என்ற கணக்குக்காரர்

கேட்ட கேள்வி இதுதான்: ஸ்டாக் கார் ரேஸ் டிரைவர்களின் வாழ்க்கை எப்படிப்பட்டது, நாள் முழுக்க வண்டியை இடது பக்கம் திருப்பிக்கொண்டே இருப்பதில் அப்படி என்ன திறமை, பெரிய டீமும் பணக்காரக் குடும்பமும் இல்லாத ஒருவர் அதில் சாம்பியன் ஆக முடியுமா? மூன்றாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முடியும், ஒருவர் ஆகியிருக்கிறார், 1992-இல். அவர் பெயர் ஆலன் குல்விக்கி. மற்ற இரண்டு கேள்விக்கும் அவர் கதைக்குள்ளேயே பதில் இருப்பதால் அவரையே பிடித்துக்கொண்டு போகிறேன்.

அமெரிக்காவில் ஸ்டாக் கார் ரேஸ்களை நடத்தும் அமைப்பான நாஸ்கார் என்றதும் ரிச்சர்ட் பெட்டி, டேல் எர்ன்ஹார்ட் பெயர்கள்தான் எல்லோர் வாயிலும் வரும். ஆளுக்கு 7 சாம்பியன்ஷிப். பெட்டி ஜெயித்த ரேஸ்கள் மட்டுமே 200. குல்விக்கி அந்த மேல்மட்டத் தொடரில் ஓட்டிய ரேஸ்களே மொத்தம் 207, அதில் ஜெயித்தது 5. கணக்கை மட்டும் பார்த்தால் பக்கத்தில் வைத்துப் பேசவே கூடாத ஆள். ஆனால் பெட்டியும் எர்ன்ஹார்டும் எப்படி ஜெயித்தார்கள் என்று கேட்டால் திறமை, டீம், துணிச்சல் என்று பொதுவாகத்தான் சொல்ல முடியும். குல்விக்கி எப்படி ஜெயித்தார் என்பதைப் பென்சில் எடுத்துக் காகிதத்தில் போட்டே காட்டிவிடலாம். எனக்கு அவரைப் பிடித்ததற்கு அதுதான் காரணம்.

சரி, முதலில் அந்த "இடது பக்கம்" விஷயம். ஸ்டாக் கார் என்றால் ஆரம்பத்தில் கடையில் வாங்கிய வண்டியை அப்படியே ரேஸுக்குக் கொண்டுவருவது, பெயரும் அப்படித்தான் வந்தது. குல்விக்கி காலத்துக்குள் அதெல்லாம் போய், ஃபோர்டு தண்டர்பேர்ட் மாதிரி ஒரு வெளித்தோற்றம் மட்டும் மிச்சம். உள்ளே முழுக்க இரும்புக் குழாய்க் கூடு, 5.9 லிட்டர் அளவில் ஒரு வி-8 இன்ஜின், அதன் மேல் பழைய கார்புரேட்டர், மொத்த எடை ஒன்றரை டன்னுக்கும் மேல். கதவு திறக்காது, ஜன்னல் வழியாகத்தான் ஏறி இறங்க வேண்டும். உள்ளே வெக்கை 50 டிகிரியைத் தாண்டும், அதில் மூன்று நான்கு மணி நேரம் உட்கார வேண்டும். ட்ராக் பெரும்பாலும் ஓவல், அதனால் வளைவெல்லாம் இடது பக்கம்தான். ஒரே பக்கம் திரும்புவதால் எளிது என்று தோன்றும். ஆனால் ஒரே பக்கம் திரும்புவதால்தான் வண்டியையே கோணலாகக் கட்டுகிறார்கள்: வலது டயருக்கு ஒரு காற்றழுத்தம், இடதுக்கு வேறு, நான்கு மூலைக்கும் நான்கு விதமான ஸ்பிரிங், எடையை இடது பக்கம் இழுத்து வைப்பது. நேர் ரோட்டில் கையை விட்டால் அது தானாகவே இடது பக்கம் போகும்.

வளைவில் வண்டியின் மூக்கு திரும்ப மறுத்துச் சுவரை நோக்கிப் போனால் அதற்கு "டைட்" என்று பெயர். பின்பக்கம் வழுக்கிக்கொண்டு முன்னால் வரப் பார்த்தால் "லூஸ்". ரேஸ் முழுக்க ரேடியோவில் டிரைவர் சொல்வது பெரும்பாலும் இந்த இரண்டு வார்த்தைதான். எந்த வளைவில், நுழையும்போதா நடுவிலா வெளியே வரும்போதா, எவ்வளவு என்று அவர் சொல்ல வேண்டும். அதைக் கேட்டு, அடுத்த பிட் ஸ்டாப்பில், அதாவது டயர் மாற்றவும் பெட்ரோல் போடவும் ரேஸ் நடுவே வண்டி ஓரமாக வந்து நிற்கும்போது, ஒருவர் நீளமான ஸ்பேனரைப் பின் கண்ணாடியில் இருக்கும் ஓட்டைக்குள் விட்டு ஸ்பிரிங் மேல் உள்ள திருகை ஒரு சுற்றோ அரைச் சுற்றோ திருப்புவார். அந்த அரைச் சுற்றில் ரேஸே மாறிவிடும். வெயில் இறங்கினால் தார் குளிர்ந்து வண்டியின் குணம் மாறும், பெட்ரோல் குறையக் குறைய எடை மாறும், டயர் தேயத் தேய எல்லாமே மாறும். ஆக, டிரைவர் என்பவர் பாதி ஓட்டுநர், பாதி தன் முதுகில் படும் அதிர்வை வார்த்தையாக்கிச் சொல்லும் ஆள். (நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன் ஓட்டியவர், 2010-இல் நாஸ்காரின் ட்ரக் தொடரில் இறங்கினார். மார்ட்டின்ஸ்வில் என்ற சின்ன ஓவலில் முதல் ரேஸ், 13-ஆவது இடம். ரசிகர்கள் ஓட்டுப் போட்டு அந்த வருஷம் அந்தத் தொடரின் அபிமான டிரைவர் விருதையும் அவருக்குக் கொடுத்தார்கள். இங்கே பல பேருக்குத் தெரியாது.)

குல்விக்கி இந்த வேலைக்கு வந்த வழி கொஞ்சம் விசித்திரமானது. நாஸ்கார் அப்போது அமெரிக்காவின் தெற்குக்காரர்களின் விளையாட்டு. வட கரோலினா, வர்ஜீனியா, ஜார்ஜியா, அலபாமா. அப்பா ஓட்டினார், பெரியப்பா ஓட்டினார், நானும் ஓட்டுகிறேன் என்று வருபவர்கள். இவரோ வடக்கே விஸ்கான்சினில் மில்வாக்கி பக்கத்தில் கிரீன்ஃபீல்டு என்ற ஊரில் 1954 டிசம்பரில் பிறந்த போலந்து வம்சாவளிப் பையன். அப்பா ரேஸ் கார்களுக்கு இன்ஜின் கட்டுபவர், ஆனால் மகனை டிரைவராக்க வேண்டும் என்று துடித்தவர் இல்லை. சின்ன வயதிலேயே அம்மா இறந்துபோனார், பிறகு வளர்த்த பாட்டியும், ஒரே சகோதரரும். தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் பழக்கம் அங்கேயே வந்திருக்கும் என்று நினைக்கிறேன், நிரூபிக்க முடியாது. 13 வயதில் கோ-கார்ட், அப்புறம் உள்ளூர் மண் ட்ராக், அதன் பிறகு தார் ட்ராக். நடுவில் 1977-இல் விஸ்கான்சின்-மில்வாக்கி பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் பட்டம். அந்தக் காலத்து நாஸ்காரில் இது ஒரு அதிசயம். சாம்பியன்ஷிப் ஜெயித்த முதல் பட்டதாரி இவர்தான்.

இன்று சஸ்பென்ஷனைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் ட்ராக்குக்கே வருகிறார்கள், ஒவ்வொரு டீமிலும் இன்ஜினியர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். 1980-களில் பெரும்பாலும் கை அனுபவம்தான், "போன வருஷம் இங்கே இந்த ஸ்பிரிங் போட்டோம், சரியாக இருந்தது" என்ற மாதிரி. அந்தக் கூட்டத்தில் ஒருவர் சேஸிஸ் கணக்கை, அதாவது வண்டியின் அடிச்சட்டக் கணக்கை, தானே போட்டு, தன் காரைத் தானே ஓட்டிப் பார்த்து, தானே திருத்தினார் என்றால் மற்றவர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

1985-இல் கையில் இருந்ததையெல்லாம் விற்றுவிட்டு நாஸ்கார் டீம்கள் குவிந்திருக்கும் சார்லட் நகரத்துக்குக் கிளம்பினார். கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது ஒயரிங் கோளாறில் அவருடைய ட்ரக் தீப்பிடித்து எரிந்துபோனது. வேறு யாராவது இருந்தால் சகுனம் சரியில்லை என்று உட்கார்ந்திருப்பார்கள். இவர் ஒரு வண்டியை இரவல் வாங்கி, சாமான்கள் ஏற்றிய ட்ரெய்லரை அதில் மாட்டிக்கொண்டு போனார். அந்த வருஷம் வேறொருவர் டீமில் சில ரேஸ்கள் ஓட்டினார், அடுத்த வருஷம் அந்த முதலாளி விலகிக்கொள்ள, டீமை இவரே எடுத்துக்கொண்டார். ஒரு கார், இரண்டு இன்ஜின், விரல் விட்டு எண்ணிவிடும்படி ஆட்கள். அதை வைத்துக்கொண்டு 1986-இன் சிறந்த புதுமுக டிரைவர் விருது.

இங்கேதான் முதலாளி-டிரைவர் என்றால் என்ன என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். நாஸ்காரில் டிரைவர் பொதுவாகச் சம்பளக்காரர். டீம் முதலாளி ஒருவர், கார் பக்கமெல்லாம் தன் பெயரை ஒட்டிக் காசு கொடுக்கும் ஸ்பான்சர் ஒருவர், வண்டிக்குப் பொறுப்பான க்ரூ சீஃப் ஒருவர், இவர்களுக்கு நடுவில் ஸ்டியரிங்கைப் பிடிப்பவர் டிரைவர். அவருக்குச் சம்பளமும் பரிசுப் பணத்தில் ஒரு பங்கும். காரைச் சுவரில் இடித்தால் திட்டு விழும், ஆனால் பில் அவருக்கு வராது. முதலாளி-டிரைவருக்கு பில்லும் வரும். வருஷத்துக்கு 29 ரேஸ், வெள்ளிக்கிழமை க்வாலிஃபையிங் (யார் எந்த இடத்தில் கிளம்புவது என்று முடிவு செய்யும் ஓட்டம்), ஞாயிறு ரேஸ், திங்கள் காலையில் ஷெட்டில் உடைந்த சாமானைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், ஆட்களுக்குச் சம்பளம், டயருக்குக் காசு, அடுத்த ஊருக்கு ட்ரக். வேகமாகப் போவதற்கும் வண்டியைக் காப்பாற்றுவதற்கும் நடுவில் ஒவ்வொரு வளைவிலும் ஒரு பேரம். சம்பள டிரைவர் மனதில் அந்தப் பேரம் இருக்காது, அல்லது குறைவாக இருக்கும்.

ஜூனியர் ஜான்சன் கதை இங்கே வருகிறது. ஜூனியர் என்றால் சாதாரண ஆள் இல்லை. இளவயதில் வட கரோலினா மலைகளில் கள்ளச்சாராயம் கடத்தி வண்டி ஓட்டக் கற்றவர், ஜெயிலுக்கும் போனவர், பின்னால் டீம் முதலாளியாக 6 சாம்பியன்ஷிப் எடுத்தவர். அவர் குல்விக்கியைத் தன் டீமுக்குக் கூப்பிட்டார், ஒரு முறை இல்லை, இரண்டு முறை. பத்து லட்சம் டாலர் பேரம். குல்விக்கி வேண்டாம் என்றார். மாக்ஸ்வெல் ஹவுஸ் காபி கம்பெனியோடு ஸ்பான்சர் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது, அது கைக்கு வந்துவிடும் என்று நம்பியிருந்தார். கடைசியில் அந்தக் காபி கம்பெனி போய்ச் சேர்ந்தது ஜூனியர் ஜான்சனின் டீமுக்கே.

ஆக 1991 சீசன் தொடங்கும்போது முழு வருஷத்துக்கு ஸ்பான்சர் இல்லை. வளைகுடாப் போர் நடந்துகொண்டிருந்த சமயம், டேட்டோனாவில் சில கார்களுக்கு ராணுவப் பிரிவுகளின் பெயரைப் போட்டார்கள், இவர் காருக்குத் தரைப்படை. அது அத்தோடு முடிந்தது. மார்ச்சில் அட்லாண்டாவுக்கு வெள்ளைக் காரோடு வந்தார். அங்கே ஹூட்டர்ஸ் என்ற உணவகக் கம்பெனி வேறொரு காருக்கு ஸ்பான்சர் செய்திருந்தது, அந்த கார் க்வாலிஃபையிங்கிலேயே தேறவில்லை. குல்விக்கி போல் பொசிஷன் எடுத்தார், அதாவது முதல் வரிசையில் முதல் இடம். கம்பெனிக்கு அட்லாண்டாவில் பெயர் தெரிய வேண்டும், பெயர் இல்லாத ஒரு கார் முதல் இடத்தில் நிற்கிறது. ஒப்பந்தம் ஆனது, கடைசிவரை ஹூட்டர்ஸின் சின்னமான ஆந்தைப் படம்தான் அவர் காரில். அதிர்ஷ்டம் என்று சொல்லலாம், போல் எடுக்காமல் இருந்திருந்தால் அந்த அதிர்ஷ்டம் அவரைத் திரும்பிப் பார்த்திருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அவரைப் புனிதராக்கிவிடக் கூடாது. அவரோடு வேலை செய்வது கஷ்டம். எல்லாவற்றிலும் மூக்கை நுழைப்பார், தான் சொன்ன மாதிரி இல்லையென்றால் திரும்பச் செய்யச் சொல்வார், யாரை நம்பியும் வேலையை விடமாட்டார், பல பேர் தாங்க முடியாமல் போயிருக்கிறார்கள். க்ரூ சீஃப் பால் ஆண்ட்ரூஸ் நிலைத்து நின்றதே ஒரு சாதனை. இன்னொரு பழக்கம்: ரேஸ் முடிந்து காரில் இருந்து இறங்குவதற்கு முன் சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொள்வார். டிவி கேமரா காத்திருந்தாலும் சரி. ஸ்பான்சர் காசு கொடுப்பது அந்த முகத்துக்குத்தான் என்ற முதலாளிக் கணக்கும் அதில் இருந்திருக்கும், வெறும் அலங்கார ஆசையும் இருந்திருக்கும்.

முதல் வெற்றி 1988 நவம்பரில் ஃபீனிக்ஸில். முன்னால் போய்க்கொண்டிருந்த ரிக்கி ரட்டின் இன்ஜின் கடைசிக் கட்டத்தில் கைவிட்டது, இவர் முன்னே வந்தார். ஜெயித்த பிறகு வண்டியைத் திருப்பி, எல்லோரும் போகும் திசைக்கு எதிர்த் திசையில், கடிகாரம் சுற்றும் பக்கமாக ஒரு சுற்று மெதுவாகப் போனார். ஏன் என்று கேட்டால் பதில் மிக எளிது. டிரைவர் உட்கார்ந்திருப்பது காரின் இடது பக்கம், ரேஸ் ஓடுவது இடப்பக்கமாக, எனவே எப்போதும் டிரைவரின் ஜன்னல் மைதானத்தின் உட்பக்கத்தைத்தான் பார்க்கும், டிக்கெட் வாங்கிய கூட்டம் உட்கார்ந்திருப்பது வெளிப்பக்கம். எதிர்த் திசையில் போனால் ஜன்னல் கூட்டத்தைப் பார்க்கும், கை அசைக்கலாம். தன் வம்சாவளியை வைத்து அதற்குப் "போலிஷ் விக்டரி லேப்" என்று பெயர் வந்தது. அமெரிக்காவில் போலந்துக்காரர்களை மட்டம் தட்டும் ஜோக்குகள் அப்போது சகஜம். அதையே எடுத்துத் தன் கொடியாக்கிக்கொண்டார். இன்றைக்கு ஜெயித்தவர்கள் டயரைத் தேய்த்துப் புகை கிளப்புகிறார்களே, அதைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது.

இப்போது 1992. சாம்பியன்ஷிப் என்பது வருஷம் முழுக்க ஒவ்வொரு ரேஸிலும் எடுத்த புள்ளிகளின் கூட்டுத்தொகை. அந்த வருஷம் இவர் ஜெயித்தது பிரிஸ்டல், போகோனோ என்று இரண்டே ரேஸ். பில் எலியட் 5, டேவி அலிசன் 5. செப்டம்பரில் டோவரில் குல்விக்கி கார் மோதி வெளியேறியது. அன்றைக்கு முதல் இடத்தில் இருந்த எலியட்டைவிட 278 புள்ளி பின்னால், மீதி ஆறே ரேஸ். ஒரு ரேஸில் ஒருவர் எடுக்கக்கூடிய அதிகபட்சமே 185 புள்ளி என்றால் 278 என்பது எவ்வளவு பெரிய பள்ளம் என்று தெரியும். எல்லோரும் அவரைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார்கள். ஆனால் அடுத்தடுத்த வாரங்களில் எலியட்டின் காருக்கு ஏதாவது ஒரு பாகம் உடைந்துகொண்டே இருந்தது. எலியட் ஓட்டியது யாருடைய காரை என்று நினைக்கிறீர்கள்? ஜூனியர் ஜான்சனுடையது. குல்விக்கி வேண்டாம் என்ற அதே முதலாளி.

டேவி அலிசனுக்கு அந்த வருஷம் வேறு மாதிரி. ஜூலையில் போகோனோவில் கார் பல்டி அடித்துக் கை உடைந்தது, ஆகஸ்டில் மிச்சிகனில் பயிற்சியில் அவர் தம்பி கிளிஃபர்ட் மோதி இறந்துபோனார். அப்படியும் கடைசிக்கு முந்தைய ஃபீனிக்ஸ் ரேஸை ஜெயித்து முதல் இடத்துக்கு வந்துவிட்டார். ஆக கடைசி ரேஸுக்கு, 1992 நவம்பர் 15 அட்லாண்டாவுக்கு வரும்போது நிலவரம்: அலிசன் முதலில், 30 புள்ளி பின்னால் குல்விக்கி, 40 புள்ளி பின்னால் எலியட். கணக்குப்படி பார்த்தால் ஆறு பேருக்கு வாய்ப்பு. அலிசன் ஐந்தாவதாக வந்தாலே போதும், கோப்பை அவருக்கு. அந்த ரேஸுக்குப் பெயர் ஹூட்டர்ஸ் 500, குல்விக்கியின் ஸ்பான்சர் பெயரிலேயே. ரிச்சர்ட் பெட்டிக்கு அது கடைசி ரேஸ். ஜெஃப் கார்டன் என்ற 21 வயதுப் பையனுக்கு முதல் ரேஸ். ஒரே நாளில் இவ்வளவையும் வைத்து யாராவது கதை எழுதியிருந்தால் ரொம்ப ஓவர் என்று சொல்லியிருப்போம்.

காரின் மூக்கில் தண்டர்பேர்ட் என்று மாடல் பெயர் எழுதியிருக்கும். குல்விக்கி ஃபோர்டிடமும் நாஸ்காரிடமும் அனுமதி கேட்டு முதல் இரண்டு ஆங்கில எழுத்தை எடுத்துவிட்டார். மீதி "அண்டர்பேர்ட்". ஜெயிக்கமாட்டான் என்று ஊர் முடிவு கட்டிய ஆளை ஆங்கிலத்தில் அண்டர்டாக் என்பார்கள் இல்லையா, அதைப் பறவையாக்கிவிட்டார். உடையில் மைட்டி மௌஸ் என்ற கார்ட்டூன் எலியின் படம் வேறு.

ரேஸ் 328 சுற்று. முதல் பிட் ஸ்டாப் முடிந்து காரைக் கிளப்பும்போதே முதல் கியர் உடைந்தது. அந்தக் காலத்துப் பெட்டியில் கியர் நான்குதான். அதற்கப்புறம் ஒவ்வொரு பிட் ஸ்டாப்பிலும் மேல் கியரில்தான் கிளம்ப வேண்டும், ஒன்றரை டன் வண்டி குலுங்கிக் குலுங்கி நகரும், பின்னால் ஆட்கள் ஓடிவந்து தள்ள வேண்டும். நம்ம ஊரில் செல்ஃப் எடுக்காத அம்பாசடரைத் தள்ளுகிற மாதிரி, உலகத்தில் பெரிய பணம் புழங்கும் ரேஸ் ஒன்றின் கடைசி நாளில். இன்ஜின் அணைந்துவிட்டால் கதை முடிந்தது, உடைந்த துண்டு பெட்டிக்குள் வேறு எங்காவது சிக்கினாலும் முடிந்தது.

கிட்டத்தட்ட 75 சுற்று மீதி இருக்கும்போது எர்னி இர்வனின் கார் டயர் போய்ச் சுழன்றது, பின்னால் வந்த அலிசனுக்கு விலக இடமில்லை, மோதினார். சாம்பியன்ஷிப் அலிசன் கையை விட்டுப் போனது அந்த ஒரு நொடியில்தான். இதில் குல்விக்கியின் சாமர்த்தியம் எதுவும் இல்லை, அதை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். ஆனால் அதற்குப் பிறகு நடந்தது முழுக்க அவருடைய, ஆண்ட்ரூஸுடைய சாமர்த்தியம்.

அந்தக் காலப் புள்ளிக் கணக்கு இது: முதல் இடத்துக்கு 175, இரண்டாவதுக்கு 170. ரேஸில் ஒரு சுற்றாவது முன்னால் இருந்தால் கூடுதல் 5. எல்லோரையும்விட அதிக சுற்று முன்னால் இருந்தவருக்கு இன்னொரு 5. இப்போது அலிசன் இல்லை, முன்னால் எலியட்டும் குல்விக்கியும் மாறி மாறிப் போகிறார்கள். குல்விக்கிக்கு எலியட்டைவிட 10 புள்ளி கூட. எலியட் ஜெயித்து, அதிக சுற்று முன்னால் இருந்த 5 புள்ளியும் எடுத்தால் அவருக்கு 185, இரண்டாவதாக வரும் குல்விக்கிக்கு 175. வித்தியாசம் சரியாகப் பத்து, அதாவது சமம்! சமமானால் யார் அதிக ரேஸ் ஜெயித்தார் என்று பார்ப்பார்கள், எலியட் 5, குல்விக்கி 2, கோப்பை எலியட்டுக்கு. அதே சமயம் அந்த 5 புள்ளி குல்விக்கிக்கு வந்தால், எலியட் ரேஸை ஜெயித்தாலும் இருவருக்கும் ஆளுக்கு 180, பத்துப் புள்ளி வித்தியாசம் அப்படியே நிற்கும். ஆக, ரேஸை ஜெயிக்க வேண்டிய அவசியமே இல்லை. முன்னால் இருந்த சுற்றுகளை எண்ணினால் போதும்.

அவர்கள் எண்ணினார்கள். குல்விக்கி உடனே பிட்டுக்கு வராமல், டாங்கில் இருந்ததை வைத்துக்கொண்டு முன்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தார். 310-ஆவது சுற்றில்தான் உள்ளே வந்தார். அப்போது அவர் முன்னால் இருந்த சுற்றுகள் மொத்தம் 103. டயர் மாற்றவில்லை, பெட்ரோல் மட்டும், அதுவும் கொஞ்சமாக. பெட்ரோல் ஊற்றுவது எப்படி என்றால், 40 லிட்டர் அளவு பிடிக்கும் ஒரு பெரிய கேனை ஒருவர் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிவந்து டாங்கின் வாயில் சொருகி நிற்பார். பம்ப் கிடையாது, அதன் எடையிலேயே இறங்க வேண்டும், ஒவ்வொரு நொடியும் அளவுதான். முதல் கியர் இல்லாத காரைக் கிளப்பவே நேரம் பிடிக்கும் என்பதால் இங்கே நொடிகளைக் குறைத்தார்கள். குறைத்ததில் எவ்வளவு இறங்கியது என்று யாருக்கும் உறுதியில்லை. போதுமா போதாதா என்ற பயம் கடைசிவரை.

அதனால் கடைசிச் சுற்றுகளில் குல்விக்கி எலியட்டைத் துரத்தவில்லை. ஒரு ரேஸ் டிரைவரின் வலது காலுக்கு இதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது: முன்னால் போகிறவன் கண்ணுக்குத் தெரிகிறான், காலைத் தூக்கு என்கிறது கணக்கு. எலியட் ஜெயித்தார், குல்விக்கி சுமார் எட்டு நொடி பின்னால் இரண்டாவது. எலியட் முன்னால் இருந்த சுற்றுகள் 102. இறுதிப் புள்ளி: குல்விக்கி 4078, எலியட் 4068. அந்த 103-இல் ஒரே ஒரு சுற்று எலியட் பக்கம் போயிருந்தால் கோப்பையும் போயிருக்கும். பிறகு சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டு, வண்டியைத் திருப்பி எதிர்த் திசையில் ஒரு சுற்று.

பெட்டிக்குப் பிறகு, அதாவது 1979-க்குப் பிறகு, தன் சொந்த டீமின் காரை ஓட்டிச் சாம்பியன் ஆனவர் இவர். அதற்கப்புறம் அந்த மாதிரி ஒன்று நடக்க 2011 ஆனது, டோனி ஸ்டூவர்ட். அவருக்குக் கூடவே ஒரு பங்குதாரர் இருந்தார், இன்ஜினும் சேஸிஸும் ஹெண்ட்ரிக் என்ற பெரிய டீமிடமிருந்து வந்தது. தனி ஆளாக, ஒரே ஒரு காரோடு இனி நடக்குமா என்று கேட்டால் என் பதில் இல்லை. செலவு அப்படி ஏறிவிட்டது. அதற்காக குல்விக்கி செய்ததுதான் சரி, ஜூனியருக்கு இல்லை என்றது புத்திசாலித்தனம் என்று பாடமாக்கவும் மாட்டேன். ஜூனியர் காரில் உட்கார்ந்திருந்தால் இரண்டு வருஷம் முன்னாலேயே ஜெயித்திருக்கலாம், ஜெயிக்காமலே போயிருக்கலாம். அவருக்கு மற்றவர் சொல்லி வேலை செய்யத் தெரியாது, அவ்வளவுதான்.

சாம்பியனாக அவர் ஓட்டியது ஐந்தே ரேஸ். 1993 ஏப்ரல் 1, வியாழக்கிழமை இரவு. டென்னசியில் நாக்ஸ்வில் நகரத்தில் ஸ்பான்சருக்காக ஒரு விளம்பர நிகழ்ச்சியில் கலந்துகொண்டுவிட்டு, கம்பெனியின் சின்ன விமானத்தில் பிரிஸ்டல் ரேஸுக்காகத் திரும்பிக்கொண்டிருந்தார். பிளவுண்ட்வில் பக்கத்தில் விமான நிலையத்தை நெருங்கும்போது விழுந்தது. உள்ளே இருந்த நான்கு பேரும் இறந்துபோனார்கள். இன்ஜினுக்குக் காற்று போகும் வழியில் பனி கட்டியிருந்தது, அதைப் பைலட் நீக்கத் தவறியதுதான் காரணம் என்று விசாரணை சொன்னது. குல்விக்கிக்கு 38 வயது. டிரைவரின் வாழ்க்கை என்று கேட்டீர்கள் இல்லையா, இதுவும் அதில் சேர்த்திதான்: வியாழக்கிழமை இரவு எங்கோ ஒரு உணவகத்தில் கையெழுத்துப் போட்டுக்கொடுப்பதும், அவசரமாகச் சின்ன விமானத்தில் ஏறுவதும்.

மறுநாள் காலை பிரிஸ்டலில் மழை. குல்விக்கியின் காரை ஏற்றிவந்த பெரிய ட்ரக் ஊருக்குக் கிளம்ப வேண்டும், ஓட்ட ஆள் இல்லாத காருக்கு அங்கே என்ன வேலை. முன்பக்கம் கறுப்பு மலர்வளையம் கட்டி, ட்ராக்குக்குள் இறக்கி, மெல்லச் சுற்றிவிட்டு வெளியே போனது. மற்ற டீம்காரர்கள் நனைந்தபடி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஜெயித்தவர் ரஸ்டி வாலஸ், விஸ்கான்சின் அடங்கிய மிட்வெஸ்ட் பகுதி ட்ராக்குகளில் இருந்தே குல்விக்கியோடு மோதி வளர்ந்தவர். வண்டியைத் திருப்பி எதிர்த் திசையில் போனார்.

அந்த ஜூலையில் டேவி அலிசன் டல்லடேகா ட்ராக்கில் ஹெலிகாப்டரை இறக்கும்போது அது விழுந்து, மறுநாள் இறந்துபோனார். முந்தைய வருஷம் அட்லாண்டாவில் கோப்பைக்குப் போட்டி போட்ட மூவரில் எட்டு மாதத்துக்குள் மிச்சம் எலியட் மட்டும். 1993 நவம்பரில் மறுபடி அட்லாண்டாவில் கடைசி ரேஸ். வாலஸ் ரேஸை ஜெயித்தார், எர்ன்ஹார்ட் சாம்பியன்ஷிப்பை எடுத்தார், வருஷம் முழுக்க ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டவர்கள். ரேஸ் முடிந்ததும் இரண்டு காரும் பக்கம் பக்கமாகத் திரும்பி, வாலஸ் ஜன்னலில் 7 என்று எழுதிய கொடி, எர்ன்ஹார்ட் ஜன்னலில் 28 என்று எழுதிய கொடி, குல்விக்கியின் நம்பரும் அலிசனின் நம்பரும், கூட்டத்தைப் பார்த்தபடி எதிர்த் திசையில் ஒரு சுற்று போனார்கள்.